மட்டக்களப்பு, அம்பாறை வீதிகளுக்கு ஏற்ற குரூசர் மோட்டார் சைக்கிளைத் தெரிவு செய்வது எப்படி?

குரூசர் மோட்டார் சைக்கிள் வாங்க எண்ணும் பெரும்பாலானோர் முதலில் கேட்பது, அது எத்தனை சீசீ என்பதையே. நமது மாவட்டங்களைப் பொறுத்தவரை அந்தக் கேள்வி கடைசியாக வர வேண்டியது என்பது என் உறுதியான கருத்து. பைக்கின் எடை, அதன் அடிப்பாகத்துக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி, உதிரிப்பாகங்கள் எங்கே கிடைக்கும் என்பது, கடற்காற்று அதன் இரும்பை எந்த அளவுக்குத் தின்றிருக்கிறது என்பது, பதிவுப் புத்தகத்தில் சிக்கல் ஏதும் உண்டா என்பது ஆகியவற்றையெல்லாம் தீர்த்துக்கொண்ட பின்னரே எஞ்சினின் பருமனைப் பற்றி யோசிப்பதில் பயன் உண்டு. இவ்வரிசையைத் தலைகீழாக்கியவர்களின் பைக்குகள் இன்று பல வீட்டு முற்றங்களில் தறப்பாளால் மூடப்பட்டுக் கிடக்கின்றன.

குரூசர் என்பது நீண்ட தூரத்தை அவசரமின்றி ஓடுவதற்காக வடிவமைக்கப்பட்டது. இருக்கை தாழ்ந்திருக்கும், கால் வைக்கும் இடம் சற்று முன்னே தள்ளியிருக்கும், ஹான்டில் அகலமாக நெஞ்சை நோக்கி வளைந்து வரும், இரு சில்லுகளுக்கும் இடைப்பட்ட நீளம் சாதாரண பைக்குகளை விட அதிகமாக இருக்கும். இந்த அமைப்புக்கு மேடு பள்ளம் குறைந்த நேரான வீதி வேண்டும். மட்டக்களப்பிலிருந்து கல்முனை, அக்கரைப்பற்று வழியாகப் பொத்துவில் வரை கரையோரமாகச் செல்லும் ஏ4 வீதியும், வாழைச்சேனை, வாகரை வழியாகத் திருகோணமலைக்குச் செல்லும் ஏ15 வீதியும் அவ்வாறான வீதிகளே. மலைநாட்டின் கொண்டையூசி வளைவுகளில் குரூசர் ஓட்டுபவர் படும் சிரமம் நமக்கு இல்லை. நாட்டின் அதிவேக நெடுஞ்சாலைகளில் மோட்டார் சைக்கிள்களுக்கு அனுமதி கிடையாது என்பதால், மிக உயர்ந்த வேகத்தில் ஓடக்கூடிய எஞ்சினுக்குப் பணம் கொடுப்பதிலும் பொருளில்லை.

ஆயினும் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். வீட்டில் இருக்கப்போகும் ஒரே வாகனம் இதுதான் என்றால், அதிலேதான் பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஏற்ற வேண்டும், உரமூட்டையை வயலுக்குக் கொண்டுபோக வேண்டும், மழைக்காலத்தில் சேற்று ஒழுங்கைக்குள் இறங்க வேண்டும் என்றால், குரூசரை வாங்க வேண்டாம். நூறு, நூற்றைம்பது சீசீ சாதாரண பைக் அந்த வேலைகளை அதைவிட நன்றாகச் செய்யும்.

உடலுக்கு ஏற்றதா?

விற்பனை நிலையத்தில் பைக்கின் மீது ஒரு தடவை அமர்ந்து பார்த்துவிட்டு முடிவெடுக்கக் கூடாது. தினமும் எந்தச் செருப்புடன் ஓட்டுவீர்களோ அதே செருப்புடன் சென்று அமருங்கள். தடித்த அடியுள்ள சப்பாத்து காலுக்கு இல்லாத உயரத்தைத் தரும். இரு பாதங்களும் முழுமையாகத் தரையிற் பதிந்து முழங்கால் சற்று மடிந்திருக்க வேண்டும். பஜாஜ் அவெஞ்சர் 220 இன் இருக்கை தரையிலிருந்து 737 மில்லிமீற்றர் உயரத்திலும், ரோயல் என்ஃபீல்ட் மீட்டியோர் 350 இன் இருக்கை 765 மில்லிமீற்றர் உயரத்திலும் உள்ளன. அதே நிறுவனத்தின் கிளாசிக் 350, தோற்றத்தில் பலருக்குக் குரூசர் போலத் தெரிந்தாலும், 805 மில்லிமீற்றர் உயரமுடையது. ஐந்தடி நான்கு அங்குல உயரமுள்ள ஒருவருக்கு இந்த வித்தியாசம் முழுப் பாதம் படுவதா, விரல் நுனி மட்டும் படுவதா என்பதைத் தீர்மானிக்கும்.

இருக்கை தாழ்வாக இருப்பதால் மட்டும் பைக் இலேசாகிவிடாது. அவெஞ்சர் 220 ஏறத்தாழ 163 கிலோகிராம். மீட்டியோர் 350 ஏறத்தாழ 191 கிலோகிராம். நானூறு சீசீ ஜப்பானியக் குரூசர்கள் இருநூறைத் தாண்டும். ஓடும்போது இந்த எடை தெரியாது, நிறுத்தும்போதுதான் தெரியும். எனவே ஓட்டிப் பார்ப்பதற்கு முன்னரே, எஞ்சினை நிறுத்தி, மேலே அமர்ந்தபடி கால்களால் உந்திப் பின்னோக்கி நகர்த்திப் பாருங்கள். அதைக் கடையின் சீமெந்துத் தரையிற் செய்யாமல், வெளியே மணலிலோ சற்றுச் சரிவான இடத்திலோ செய்யுங்கள். கல்லடியிலும் காத்தான்குடியிலும் பாசிக்குடாவிலும் வீட்டு வாசலே மணலாக இருக்கும்போது, தினமும் காலையில் நீங்கள் செய்யப்போவது இதுதான். ஒரு சாண் தூரத்துக்கே மூச்சு வாங்கினால், அந்த மாதிரி எவ்வளவு பிடித்திருந்தாலும் விட்டுவிடுங்கள்.

அடுத்தது திருப்பம். நீளமான பைக் சிறிய வட்டத்திற்குள் திரும்பாது. காத்தான்குடிப் பிரதான வீதியைப் போல நடுவே பேரீச்சை மரங்களுடன் தடுப்பு அமைந்த வீதிகளில், இடைவெளியைக் கண்டுபிடித்து எதிர்ப்பக்கம் திரும்பும்போது, பின்னால் முச்சக்கரவண்டிகள் ஒலியெழுப்பிக்கொண்டிருக்க, குரூசர் ஓட்டுபவர் ஒரே மூச்சில் திரும்ப முடியாமல் காலூன்றுவதைக் காணலாம். ஓட்டிப் பார்க்கும்போது சாதாரண அகலமுள்ள வீதியொன்றில் கால் ஊன்றாமல் முழுத் திருப்பம் எடுத்துப் பாருங்கள். ஹான்டிலை முழுதாக ஒடிக்கும்போது தூரத்துக் கைப்பிடி எட்டாமற் போனால், அந்த ஹான்டில் உங்கள் கை நீளத்துக்குரியது அல்ல.

நெடுந்தூர ஓட்டத்தில் குரூசரின் குறை முதுகில்தான் வெளிப்படும். கால்கள் முன்னே நீண்டிருப்பதால் குழியில் விழும்போது கால்களை ஊன்றி உடலைச் சற்று உயர்த்த முடியாது. பின்பக்க ஷொக் அப்சோபரின் அசைவும் இவ்வகையிற் பொதுவாகக் குறைவு. அதிர்ச்சி முழுவதும் இடுப்புக்கு மேலே ஏறும். முதுகுவலி உள்ளவர்கள் பத்து நிமிட ஓட்டத்தை நம்பி வாங்காமல், குறைந்தது மட்டக்களப்பு நகரிலிருந்து கல்முனை வரையாவது ஓடிப் பார்ப்பதற்கு விற்பவரிடம் கேட்க வேண்டும். முன்பணமோ அடையாள அட்டையோ வைத்துவிட்டுக் கேட்டால் பலர் மறுப்பதில்லை.

பின்னால் அமர்பவரையும் அழைத்துச் செல்லுங்கள். சேலை உடுத்து ஒருபக்கமாக அமரும் மனைவிக்கோ தாய்க்கோ, சில குரூசர்களின் சிறிய பின்னிருக்கை இருபது நிமிடத்துக்குக்கூடத் தாங்காது. சாய்மானம் உள்ளதா, சேலைக் காப்புப் பொருத்த இடமுண்டா, சைலன்சர் காலிற் படுமா என்பதை அவரே அமர்ந்து பார்த்துச் சொல்லட்டும்.

எழுவான்கரைக்கும் படுவான்கரைக்கும் ஒரே கணக்கு இல்லை

வாவிக்குக் கிழக்கே, எழுவான்கரையின் கரையோரக் காப்பெற் வீதியில் மட்டும் ஓடுபவருக்கு எந்தக் குரூசரும் பொருந்தும். வலையிறவுப் பாலத்தைத் தாண்டி, வாவிக்கு மேற்கே படுவான்கரையில் வவுணதீவு, உன்னிச்சைப் பக்கமோ, கொக்கட்டிச்சோலை, வெல்லாவெளிப் பக்கமோ தினமும் போய்வருபவருக்கு நிலைமை வேறு. அங்கும் பிரதான வீதிகள் பெரும்பாலும் சீராகிவிட்டன என்றாலும், வட்டைக்குள், அதாவது வயல்வெளிக்குள், இறங்கும் கிரவல் பாதைகளிலும் வாய்க்கால் கட்டுகளிலும் மாரி மழைக்குப் பின்னர் நடுமேடு உயர்ந்து, இரு ஓரமும் உழவு இயந்திரத்தின் சில்லுத் தடங்களாகக் கிடக்கும். குரூசரின் அடியில் முதலில் உராய்வது எஞ்சினின் அடிப்பாகமோ சைலன்சரின் வளைவோதான்.

நிறுவனம் சொல்லும் தரை இடைவெளி ஆளில்லாத பைக்குக்குரியது. அவெஞ்சர் 220 இல் அது ஏறத்தாழ 169, மீட்டியோரில் 170 மில்லிமீற்றர். இருவர் ஏறியதும் ஷொக் அப்சோபர் அமிழ, இடைவெளி அதற்கேற்பக் குறையும். ஆகவே இருவரும் ஏறி அமர்ந்த நிலையில் மூன்றாமவர் ஒருவர் குனிந்து, அடியில் மிகத் தாழ்ந்த பாகம் எது, அதற்கும் தரைக்கும் இடையில் ஒரு செங்கல்லை அதன் நீள விளிம்பில் நிமிர்த்தி வைக்கலாமா, படுக்க வைத்தால் மட்டும் போகுமா என்று பார்ப்பது, கையேட்டில் உள்ள இலக்கத்தை விடப் பயன் தரும். பாடசாலைகளுக்கு முன்னால் உள்ள வேகத்தடைகள் பல, எந்த அளவுத்திட்டத்துக்கும் அடங்காத உயரம் உடையவை என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

காற்றைப் பற்றி விற்பவர்கள் சொல்வதில்லை. கரையோர வீதி பெரும்பாலும் வடக்குத் தெற்காகச் செல்வதால், ஆண்டின் நடுப்பகுதியில் மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று பைக்கின் விலாவிலேயே மோதும். கல்லடிப் பாலத்தின் மீதும் வாவியை ஒட்டிய வெளிகளிலும் இது கூடுதலாக உறைக்கும். பெரிய முன்கண்ணாடியும் இரு பக்கத் தோற்பைகளும் அழகாகத் தோன்றலாம், ஆனால் அவை பக்கக் காற்றுக்குப் பாயாக மாறிவிடும். முன்கண்ணாடி வேண்டுமானால், ஆணி கழற்றி எடுக்கக்கூடிய சிறியதொன்று போதும்.

இரவில் மாடுகளும் எருமைகளும் வீதியிற் படுத்திருக்கும். புணானை, வெலிக்கந்தைப் பக்கத்திலும் அம்பாறையின் உட்புற வீதிகளிலும் யானை குறுக்கிடும். ஆதலால் ஹெட்லைற்றின் வெளிச்சத்தைப் பகலில் சரிபார்த்து நிறைவடையாதீர்கள். மின்விளக்கு இல்லாத ஒரு வீதிக்கு இரவில் கொண்டுபோய், மணிக்கு ஐம்பது கிலோமீற்றர் வேகத்தில் கறுப்பு மாடொன்றைக் கண்டு நிறுத்தும் அளவுக்குத் தூரம் தெரிகிறதா என்று பாருங்கள். பிரேக்கையும் அப்போதே கவனியுங்கள். நீளமும் தாழ்வும் காரணமாகக் குரூசரின் பின்சில்லில் எடை கூடுதலாகத் தங்குவதால், பின்பிரேக் மற்ற பைக்குகளை விட நன்றாக வேலை செய்யும். அதற்காக முன்பிரேக்கைத் தொடாமல் ஓடுவது ஆபத்து. வீதியின் மீது மணல் படிந்திருக்கும் நமது கரையோரத்தில், பிரேக் பிடிக்கும்போது சில்லு பூட்டிக்கொண்டு சறுக்குவதைத் தடுக்கும் ஏபிஎஸ் உள்ள மாதிரிக்கு மேலதிகமாகக் கொடுக்கும் பணம் வீண் அல்ல.

எஞ்சினும் மாதிரிகளும்

நமது நாட்டில் மோட்டார் சைக்கிள்களுக்கான வேக எல்லை நகர்ப்புறத்தில் மணிக்கு 50, அதற்கு வெளியே 70 கிலோமீற்றர். இந்த வேகத்தில் இருவரை ஏற்றிக்கொண்டு எஞ்சினை அலறவிடாமல் ஓடுவதற்கு 200 முதல் 350 சீசீ வரை தாராளம். குரூசரில் பார்க்க வேண்டியது உச்ச வேகத்தை அல்ல, குறைந்த சுழற்சியிற் கிடைக்கும் இழுவையை. மீட்டியோர் 350 இன் 27 நியூட்டன் மீற்றர் இழுவை நிமிடத்துக்கு 4000 சுழற்சியிலேயே முழுமையாகக் கிடைத்துவிடுவதால், ஐந்தாவது கியரில் மெதுவாக வந்து கியர் மாற்றாமலே மீண்டும் வேகமெடுக்க முடிகிறது. அவெஞ்சர் 220 இன் எஞ்சின் பல்சர் 220 இன் வழிவந்தது என்பது நமக்கு இன்னொரு வகையில் நன்மை. பல்சர் சாமான் வைத்திருக்கும் கடையிலும், பல்சர் பிரித்துப் பழகிய மெக்கானிக்கிடமும் அதன் வேலை பெரும்பாலும் முடிந்துவிடும்.

ஜப்பானிலிருந்து பாவித்த நிலையில் வந்த பழைய குரூசர்கள் மீது எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. யமஹா விராகோ 250 இன் வீ வடிவ இரட்டைச் சிலிண்டரின் ஓசையையும் அதன் ஏறத்தாழ 685 மில்லிமீற்றர் தாழ்ந்த இருக்கையையும் அனுபவித்தவர் எளிதில் மறக்க மாட்டார். அதன் பின்சில்லுக்குரிய 130/90-15 அளவு டயர்தான் அவெஞ்சருக்கும் என்பதால், அந்த ஒரு பொருளிலாவது சிரமம் குறைவு. யமஹா டிராக்ஸ்டார் 400 இல் பின்சில்லைச் சுழற்றச் செயினுக்குப் பதிலாகத் தண்டு இருப்பதால், மணல் புகுந்து செயின் தேயும் தொல்லை கிடையாது. ஆனால் இவற்றின் காபரேட்டர் பாகம், கிளச் பிளேற், கேஸ்கற் போன்றவற்றுக்குக் கொழும்பையோ இணையத்தையோ நம்பியிருக்க வேண்டும். ஒரு சிறு பாகத்துக்காக மாதக்கணக்கில் காத்திருக்கத் தயாராக இருப்பவரும், வேறு வாகனம் உள்ளவரும் மட்டுமே இவற்றை வாங்கலாம். வாங்குவதற்கு முன், உங்கள் மெக்கானிக்கிடம் அந்த மாதிரியின் பெயரைச் சொல்லி, கிளச் கேபிளும் பிரேக் பாட்டும் எங்கே எடுப்பீர்கள் என்று கேளுங்கள். அவர் உடனே ஒரு கடையின் பெயரைச் சொன்னால் நல்லது. "தேடிப் பாப்பம்" என்றால் யோசியுங்கள்.

எரிபொருளையும் மறக்கக் கூடாது. 2022 இல் எரிபொருள் தட்டுப்பாட்டின்போது கியூஆர் குறியீட்டுப் பங்கீட்டு முறை தொடங்கியபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்குக் கிடைத்தது 4 லீற்றர். லீற்றருக்கு நாற்பது கிலோமீற்றர் ஓடிய பைக் அதில் 160 கிலோமீற்றர் ஓடியது. இருபது ஓடிய பெரிய எஞ்சின் அதன் பாதித் தூரத்தில் நின்றது. அப்படியொரு காலம் மீண்டும் வராது என்று எண்ணி முடிவெடுப்பதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

சாரதி அனுமதிப்பத்திரத்தையும் எடுத்துப் பாருங்கள். ஏ1 வகுப்பு 100 சீசீ வரைக்கும்தான். குரூசருக்கு ஏ வகுப்பு வேண்டும்.

பாவித்த பைக்கைச் சோதித்தல்

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 இல்தான் மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் பாவித்த பைக்குகளே கைமாறின. புதியவற்றின் விலையும் வரியும் உயர்ந்திருப்பதால் இன்றும் பலர் அவற்றையே நாடுகின்றனர். கரையோரத்தில் நின்ற பைக்கைச் சோதிப்பதற்குத் தனிக் கண் வேண்டும். குரோம் பூச்சு மினுங்குவதைக் கண்டு நம்பிவிடக் கூடாது, ஏனெனில் உப்பு வெளியே தெரியாத இடங்களிற்றான் தன் வேலையைச் செய்கிறது.

முன் ஃபோர்க்கின் பளபளப்பான குழாய்களில் பெருவிரல் நகத்தை மேலிருந்து கீழாக மெதுவாக இழுத்துப் பாருங்கள். நகம் எங்காவது சிக்கினால் அங்கே துருப்பள்ளம் இருக்கிறது. அது ஒவ்வொரு அசைவிலும் ஒயில் சீலைக் கிழிக்கும், சீல் மாற்றினாலும் சில வாரங்களில் மீண்டும் ஒழுகும். பெற்றோல் தாங்கியின் மூடியைத் திறந்து கைத்தொலைபேசி வெளிச்சத்தை உள்ளே அடியுங்கள். மேற்புறச் சுவரில் செம்மண் நிறம் தெரிந்தால், பைக் நெடுநாள் பாதித் தாங்கியோடு நின்றிருக்கிறது. அந்தத் துரு காபரேட்டருக்குள் போய்க்கொண்டேயிருக்கும். கம்பிச் சில்லாயின், ஒவ்வொரு கம்பியும் வளையத்தில் இணையும் நிப்பிளில் வெண்பச்சைப் படிவு உண்டா என்று பார்த்து, ஒரு சிறு ஸ்பானரால் கம்பிகளை வரிசையாகத் தட்டிச் செல்லுங்கள். இறுக்கமான கம்பி கணீரென்று ஒலிக்கும். தளர்ந்ததும் உளுத்ததும் மொத்தென்று ஒலிக்கும். கம்பிச் சில்லுகளுக்குள் பெரும்பாலும் ரியூப் இருப்பதால், வாகரைப் பக்கத்தில் பஞ்சரானால் சில்லைக் கழற்ற வேண்டிவரும் என்பதையும் கணக்கிற் கொள்ளுங்கள். ரியூப் இல்லாத அலோய் சில்லுக்கு ஒரு அடைப்பான் போதும்.

சைலன்சரைப் பொறுத்தவரை, களுவாஞ்சிகுடிப் பக்கத்து மூத்த மெக்கானிக் ஒருவர் சொல்வதே சரி: "தம்பி, சத்தத்தக் கேட்டு மயங்காதீங்க. குனிஞ்சு கீழ்ப்பக்கத்தத் தட்டிப் பாருங்க." சூடு ஆறிய சைலன்சரின் அடியை விரல் மடக்கித் தட்டும்போது உள்ளே துருத்தூள் சரசரத்தால், அது விரைவில் ஓட்டையாகும். டயரின் பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் இருக்கும் நான்கு இலக்கங்களையும் வாசியுங்கள். 2319 என்றால் 2019 இன் 23 ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. பூ தேயாமல் இருந்தாலும், ஆறேழு ஆண்டு வெயில் கண்ட டயரை மாற்றும் செலவை விலையிற் குறைத்துப் பேச வேண்டும்.

எஞ்சினைக் குளிர்ந்த நிலையிலேயே இயக்க வேண்டும். நீங்கள் போகும்போது அது ஏற்கெனவே சூடாக இருந்தால், ஆறிய பின்னர் வருவதாகச் சொல்லிவிட்டு ஒரு தேநீர் குடித்துவிட்டு வாருங்கள். பின்னால் நீலப் புகை தொடர்ந்து வந்தால் ஒயில் எரிகிறது. அதன் பிறகு மற்ற விடயங்களைப் பார்க்கும் தேவையே இல்லை.

புத்தகமும் பணமும்

பழைய ஜப்பானியக் குரூசர்களில் ஒரு பைக்கின் உடலுக்கு இன்னொன்றின் பத்திரம் இருப்பதுண்டு. ஹான்டிலின் கழுத்தருகே சட்டகத்தில் பொறிக்கப்பட்ட செசி இலக்கத்தையும், எஞ்சினின் மீதுள்ள இலக்கத்தையும் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துவிட்டு, பதிவுச் சான்றிதழுடன் எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். இலக்கத்தைச் சுற்றி அராவிய தடமோ அந்த இடத்தில் மட்டும் புதிய பெயின்றோ இருந்தால் விலகிவிடுங்கள். சான்றிதழில் முழுமையான உரிமையாளராக லீசிங் நிறுவனமொன்றின் பெயர் இருந்தால், கடன் தீர்ந்ததற்கான கடிதமும் உரிமை விடுவிப்பும் கைக்கு வரும் வரை முழுப் பணத்தையும் கொடுக்கக் கூடாது. வருமான அனுமதிப்பத்திரம், காப்புறுதி, புகைப் பரிசோதனைச் சான்றிதழ் ஆகியவை நடப்பாண்டுக்குரியவையா என்பதையும் பார்க்க வேண்டும். அனுமதிப்பத்திரம் பல ஆண்டுகள் புதுப்பிக்கப்படாமல் இருந்தால், பிரதேச செயலகத்தில் நிலுவையும் தண்டமும் எவ்வளவு என்று கேட்டறிந்து, அதையும் விலையோடு சேர்த்துக் கணக்கிடுங்கள்.

"திறந்த பேப்பர்" என்று கையெழுத்து மட்டும் வைத்துக் கைமாறிக்கொண்டே வரும் பைக்குகள் நமது பகுதியில் ஏராளம். புத்தகத்தில் உள்ளவர் இப்போது எங்கே இருக்கிறார் என்பதே தெரியாத பைக்கை வாங்கினால், அதை உங்கள் பெயருக்கு மாற்றவும் முடியாது, நியாயமான விலைக்கு விற்கவும் முடியாது. பதிவு உரிமையாளரை நேரிற் கண்டு, அவருடைய அடையாள அட்டையைப் புத்தகத்தில் உள்ள பெயருடன் ஒப்பிட்டு, உரிமை மாற்றப் படிவங்களில் அவர் உங்கள் முன்னிலையிலேயே கையெழுத்திட்ட பின்னர் மிகுதிப் பணத்தைக் கொடுங்கள். அப்படிவங்களை மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அனுப்புவதை மறுவாரத்துக்குத் தள்ளிப்போட வேண்டாம். ஹான்டிலை மாற்றுவது, சைலன்சரை மாற்றுவது, வேறு நிறம் அடிப்பது போன்ற ஆசைகள் எவையாயினும், புத்தகம் உங்கள் பெயருக்கு வந்து சேரும் வரை பைக்கை அது வந்த நிலையிலேயே வைத்திருங்கள்.